கங்காதரன் தூங்கினால் தண்ணீர் வராது

திருமுல்லைவாயிலில் உள்ள அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் புதிதாகக் குடிவருகிற யாருக்கும் முதல் நாளே இரண்டு செய்திகள் சொல்லப்படும். குப்பை வண்டி எப்போது வரும் என்பது ஒன்று. கீழ்வீட்டுக் கங்காதரனுக்கு ராத்திரியில் தூக்கம் வராது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே குரலில், வீட்டின் வசதிகளை அடுக்கும் குரலில் சொல்லப்படும்.

கங்காதரனுக்கு ஐம்பத்தேழு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்கிறார். அதற்கு முன்பு அதே கம்பெனியில் மெஷின் முன்னால் நின்றவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறி மாறிப் பாதி ஆயுளைக் கழித்தவர். முட்டி தேய்ந்ததும் ஸ்டோர்ஸுக்கு மாற்றி நிரந்தரப் பகல் வேலை கொடுத்தார்கள். அந்த உத்தரவு அவருடைய உடம்புக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. எல்லோரும் படுத்த பிறகு அது வேலைக்குக் கிளம்பியது.

குடியிருப்பு நிற்கிற இடம் அவருடைய அப்பாவின் நிலம். பில்டர் அதை வாங்கிக் கட்டிவிட்டு, பதிலுக்குக் கங்காதரனுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கொடுத்தார். ஒயர் மிச்சமாகட்டும் என்று போர்வெல் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டியை அந்த வீட்டின் படுக்கையறை ஜன்னலை ஒட்டியே சுவரில் பதித்துவிட்டுப் போனார். அந்தச் சில முழ ஒயர் மிச்சமானதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

அந்த மோட்டார் பகலில் ஓடாது. வோல்டேஜ் போதாமல் உறுமிவிட்டு நின்றுவிடும். ஊர் அடங்கி ஏசிகள் ஓய்ந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். வந்தாலும் தொடர்ந்து ஓட்ட முடியாது. போரில் தண்ணீர் குறைவு. கொஞ்ச நேரம் ஓடியதும் காற்றை இழுக்க ஆரம்பிக்கும். அப்போது சத்தம் மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்டு உடனே நிறுத்த வேண்டும். தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து மறுபடி போட வேண்டும். விடிவதற்குள் மேல்தொட்டி நிறைய வேண்டுமானால் ஒருவர் இரவு முழுக்க விழித்திருந்தாக வேண்டும்.

ஒருவர் விழித்திருந்தார்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆண்டுதோறும் தானியங்கிப் பெட்டி ஒன்று வாங்கிப் பொருத்துவதுபற்றிப் பேச்சு வரும். தண்ணீர் தீர்ந்தால் தானே நிறுத்தி, ஊறினால் தானே ஓட்டும் பெட்டி. ஆண்டுதோறும் யாராவது ஒருவர், "கங்காதரன் சார்தான் இருக்காரே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்து, மாடியில் துணி உலர்த்துவது பற்றிய சண்டைக்குப் போய்விடுவார்கள்.

கங்காதரனைத் தியாகி என்று சொல்ல நான் அவசரப்படமாட்டேன். எப்படியும் விழித்திருக்கிற மனிதனுக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது. அவ்வளவுதான் அதில் இருந்த தியாகம். தவிர, அவருக்கு அதில் பெருமையும் உண்டு. காலையில் லிஃப்ட் பக்கம் யாரைப் பார்த்தாலும், "நேத்து மோட்டாரு படுத்திட்சிபா, நாலு தபா நிறுத்தி நிறுத்தி ஓட்னேன்" என்பார். கேட்பவர் நெகிழ்ந்து நன்றி சொல்வார். அந்த நன்றிக்கு அவர் பழகிப்போயிருந்தார். மோட்டார்ப் பெட்டியின் சாவி அவருடைய தலையணைக்குக் கீழே இருந்தது.

ஆனாலும் அவர் மனதார விரும்பியது ஒன்றைத்தான். விளக்கை அணைத்த பிறகு கண்ணில் படும் அடுத்த காட்சி காலை வெயிலாக இருக்க வேண்டும். இடையில் எதுவும் வேண்டாம். ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தலை தொங்கும்போதெல்லாம் அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் அப்படித் தலை தொங்கியதைப் பக்கத்து ஷெட்டிலிருந்து பேரிங் வாங்க வந்த அசோக் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, உக்காந்த எடத்துலயே சாமிகிட்ட போய்டுவ போல கீது?"

"தூக்கம் வர்ல மாமே. பால் குட்சி பாத்துட்டேன், கசகசா அரச்சி குட்சி பாத்துட்டேன். ஒண்ணும் கேக்கல."

"ஆவடில ஒரு டாக்டரு கீறாரு. என் மச்சினிச்சிக்கு ஒரு மாத்திர குட்தாரு பாரு, ஊட்ல கல்யாணமே நடந்தாலும் எய்ந்துக்காது."

ஆவடி டாக்டரின் அறைக்கு வெளியே கூட்டம் செருப்பு வரிசையைத் தாண்டி நின்றது. கங்காதரனுக்குக் கிடைத்த நேரம், நாக்கை நீட்டி உள்ளே இழுக்கிற நேரம். வழக்கமான தூக்க மாத்திரை பழகிவிடும், இது பழகாது என்று சொல்லி டாக்டர் ஒரு சின்ன மாத்திரையை எழுதிக்கொடுத்தார். எந்த நோய்க்காகக் கண்டுபிடித்த மாத்திரை என்று அவர் சொல்லவில்லை. கங்காதரனும் கேட்கவில்லை. தூக்கம் வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றார் டாக்டர்.

வந்தது.

அன்று படுத்தவரை மறுநாள் காலை அவருடைய மனைவி மங்களம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெயில் ஜன்னல் வழியாக வந்து கங்காதரனின் காலில் ஏறி, வயிற்றில் ஏறி, மூக்குக்கு வந்துவிட்டது. மனிதர் அசையவில்லை. மங்களம் அவருடைய மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது. நிம்மதியாக எழுந்து டீ போடப் போனபோதுதான் வாசல் கதவை யாரோ இடித்தார்கள்.

முதல் மாடி நிவேதிதா. திருநெல்வேலிப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தலை முழுக்க ஷாம்பு நுரை. அதன்மேல் ஒரு துண்டு.

"ஆன்ட்டி, தண்ணி நின்னுட்டு. அங்கிள் எங்க? எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங் கெடக்கு."

"அவரு தூங்கறாரும்மா."

நுரை வழிந்து நிவேதிதாவின் புருவத்துக்கு வந்தது. "யாரு, அங்கிளா?" என்றார், திருப்பதி லட்டு சைவம் இல்லை என்று யாரோ சொன்னது போல.

அதற்குள் படிக்கட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சங்கச் செயலாளர் ஜெகதீஷ் கையில் பல் துலக்கும் பிரஷோடு இறங்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். எந்தக் கெட்ட செய்தியையும் மரியாதை குறையாமல் சொல்லக்கூடியவர். சத்தம் கேட்டு கங்காதரன் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முகத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது.

"இன்னா, பில்டிங் இடிஞ்சிட்ச்சா?"

"இல்லீங்ணா. தொட்டி காலியாயிருச்சுங்."

"அப்டியா?" என்றார் கங்காதரன். பிறகு, தன்னாலேயே அடக்க முடியாமல், அத்தனை பேர் முன்னாலும் சிரித்துவிட்டார். "நான் தூங்கிட்டேன்பா! காத்தாலதான் எய்ந்தேன்!"

யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.

அடுத்தடுத்த நாட்களும் அவர் தூங்கினார். மோட்டாரை ஆளுக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. முதல் முறை ஜெகதீஷுடையது. அவர் கைபேசியில் அலாரம் வைத்து எழுந்தார்; மோட்டாரைப் போட்டார்; காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மோட்டார் கீச்சிட்டது, கதறியது, கடைசியில் புகைந்தது. உள்ளே இருந்த கம்பிச் சுருள், 'காயில்', எரிந்துபோயிற்று. அதை இறக்கிச் சுற்றிக்கொண்டு வரும்வரை லாரித் தண்ணீர்தான். வாளியோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கீழ்வீட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து குறட்டை வந்தது.

மாத்திரையில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. கங்காதரனுக்கு இப்போது எந்நேரமும் பசித்தது. நாளைக்கென்று வைத்த மாவு இன்றைக்கே தீர்ந்தது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலையில் பாதி நாள்வரை ஈரப் பஞ்சைத் தலைக்குள் வைத்ததுபோல் இருக்கும். ஸ்டோர்ஸில் ஒரு முறை போல்ட்டு கேட்டவருக்கு வாஷர் கொடுத்தார். ஆனால் தூங்கினார். தூக்கம் அத்தனை நாள் வராமல் வந்தால் மனிதன் அதனிடம் கணக்குக் கேட்பதில்லை.

ஒரு நாள், பெட்டியின் சாவியை வாங்க வந்த ஜெகதீஷ் மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். குவெட்டியாபின். படி ஏறுவதற்குள் கைபேசியில் தேடிவிட்டார். தீவிர மனநோய், இல்லாத குரல்கள் காதில் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது. இதையெல்லாம் படித்துவிட்டு அவர் உண்மையாகவே பயந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கூடவே, இந்த மாத்திரை நின்றால் தண்ணீர் வரும் என்பதும் அவருக்குத் தோன்றியது. எந்த எண்ணம் முதலில் வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. நல்லெண்ணங்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாராட்டவும் மனம் வரவில்லை.

குடியிருப்புக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கும்போதே, கங்காதரனை விட்டுவிட்டு அன்றே இன்னொரு குழு தொடங்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஷும் நிவேதிதாவும் ஆப்பிள் பையோடு கீழ்வீட்டுக்கு வந்து சோஃபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"எப்படிங்ணா இருக்கீங்?" ஜெகதீஷ் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தார்.

"இன்னா தம்பி, காத்தாலதான பால் கடைல பாத்துகினோம்."

"அது சரிங்ணா. மனசு எப்படி இருக்குதுங்?"

"மனசா? கீது."

நிவேதிதா முன்னால் சாய்ந்தார். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீய. யாரும் இல்லாதப்ப காதுல சத்தம் எதுவும் கேக்கா?"

"கேக்குமே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன மாதிரிச் சத்தம்ங்ணா?"

"மோட்டாரு. காத்து இஸ்க்கசொல்ல கீச்சுனு கத்தும் பாரு, அது. நிறுத்திட்டு வந்து படுத்தாகூட காதுல ஓடிகினே இருக்கும்."

"யாரோ உங்களையே கவனிச்சிட்டு இருக்கற மாதிரி தோணுதுங்ளா?"

"தோணுது."

"யாருங்ணா?"

"நீங்க ரெண்டு பேருந்தான். வந்ததுலேர்ந்து கண்ண எடுக்காம பாத்துகினு கீறீங்க."

டீ கொண்டுவந்த மங்களம் தட்டைக் கீழே வைத்தார். "இன்னாப்பா விசயம்? ஆப்பிள்லாம் வாங்கினு வந்துகீறீங்க. ஆஸ்பத்திரிலயா கீறோம் நாங்க?"

ஜெகதீஷ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். இந்த மாத்திரை மனநோய்க்கானது. அண்ணன் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது தெரிந்தும் மறைத்திருக்கலாம். எதுவானாலும் குடியிருப்பு அவர் பக்கம்தான் நிற்கும். ஆனால் மாத்திரையை நிறுத்திவிடுவது நல்லது.

கங்காதரனின் முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்திட்டா தூக்கம் வராதே தம்பி" என்றார் மெதுவாக.

"வராட்டி என்னங்ணா, பழகுனதுதானுங்களே!"

சொன்ன பிறகுதான் ஜெகதீஷுக்கு, தான் சொன்னது காதில் விழுந்தது. நிவேதிதா டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்களம் ஆப்பிள் பையை எடுத்து ஜெகதீஷின் மடியில் வைத்தார். டீத் தட்டையும் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

ஆனால் பயம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்று சாப்பிடும்போது மங்களம் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், மறைக்காம சொல்லு. உனுக்கு எதுனா கீதா?"

"இன்னாமே கேக்குற?"

"போன மாசம் மிக்சிகூட பேசிகினு இருந்தியே."

"அது ஓடல, திட்டினு இருந்தேன். நீ கூடத்தான் திட்டுன."

"நான் மாத்திர போடலியே" என்றார் மங்களம்.

கங்காதரன் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார். போட்ட நாள் முதல் தூக்கம் முன்பைவிட மோசமாகப் போயிற்று. முன்பு விடிகிற நேரத்தில் கொஞ்சம் கண் அயரும். இப்போது அதுவும் இல்லை. கண்கள் சிவந்து, கன்னம் தொங்கிப்போயிற்று. மேல்தொட்டி மட்டும் தளும்பியது. மாடிகளில் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறியது. பார்க்கிறவர்கள் எல்லோரும், "இப்பதாங்க முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கு" என்றார்கள்.

நன்றி மறந்தவர்கள் என்ற பெயர் வந்துவிடக்கூடாது என்று சங்கம் ஒரு முடிவெடுத்தது. சுதந்திர தினத்தன்று கார் நிறுத்துமிடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பது வழக்கம். இந்த ஆண்டு கூடுதலாகக் கங்காதரனுக்குப் பொன்னாடை போர்த்துவது. நம் ஊரில் ஒரு மனிதனுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டால் அவரால் அந்தக் காரியத்தை நிறுத்தவே முடியாது. பூட்டுப் போடுவதில் அது ஒரு மென்மையான வகை. ஒருவருடைய தூக்கமின்மைக்கு அதைப் போர்த்தியது அநேகமாக அங்கேதான் முதல் தடவையாக இருக்கும்.

செய்தியைக் கேட்டுக் கங்காதரன் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பைப் பார்த்து மங்களத்துக்கு உடம்பு பற்றி எரிந்தது. சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் அவரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி அம்பத்தூருக்கு அழைத்துப் போனார். ஆட்டோ நின்ற இடத்தில் பலகை: மனநல மருத்துவர் கவிப்பிரியா.

கங்காதரன் இறங்கவில்லை. "யாராச்சும் பாத்துட்டா?"

"உள்ள கீறவன் எல்லாம் உன்ன மாரி பயந்துகினு மூஞ்ச மூடினுதான் உக்காந்துகீறான். எவன் எவனப் பாக்கறது? எறங்குயா."

டாக்டர் கவிப்பிரியா இளம்பெண். அவசரப்படாமல் கேட்டார். எப்போது படுப்பீர்கள், எப்போது எழுவீர்கள், பகலில் தூங்குவீர்களா? மாத்திரை போட்ட நாட்களில் பசி அதிகமா, எழுந்தால் தலை சுற்றியதா? எல்லாவற்றுக்கும் கங்காதரன் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"படுத்த பிறகு என்ன செய்வீங்க?"

"கேட்டுகினு இருப்பேன் டாக்டர்."

"எதை?"

கங்காதரன் பதில் சொல்வதற்குள் மங்களம் முந்திக்கொண்டார். "மோட்டார் பொட்டி சாவி தலகாணி கீய கீது டாக்டர். மோட்டாரு ஜன்னலாண்ட கீது. பில்டிங் மொத்தமும் குளிக்கணும். இவுரு எங்கேர்ந்து தூங்கறது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மங்களம் ஒயர் மிச்சம் பிடித்த கதையிலிருந்து பொன்னாடை வரைக்கும் சொன்னார். இடையில் டாக்டர் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்; சிரிப்பை மறைக்கத்தான் என்று கங்காதரனுக்குத் தோன்றியது.

"அந்த மாத்திரை நல்ல மருந்துதான் சார்" என்றார் டாக்டர் பிறகு. "அது தேவைப்படறவங்களுக்கு வாழ்க்கையையே திருப்பிக் கொடுக்கும். ஆனா தூக்கம் வரலன்னு மட்டும் அதைக் கொடுக்கிறது எனக்குச் சரியாப் படல. தூக்கத்தோட பசியும் வரும், எடை ஏறும், சர்க்கரை ஏறும். எதுக்கும் சர்க்கரையைப் பார்த்துடுவோம். இனிமே நீங்களா எதையும் தொடங்கவும் வேணாம், நிறுத்தவும் வேணாம்."

"அப்ப நான் பைத்தியம் இல்லியா?"

"அந்த வார்த்தையே வேணாம் சார். அந்த நோய் உங்களுக்கு இல்ல. இருந்திருந்தாலும் வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"எங்க பில்டிங்ல வந்து ஒரு தபா சொல்ல முடியுமா?"

"அதுக்கு நான் எதுக்கு? நீங்களே தூங்கிக் காட்டுங்க."

மாத்திரை எழுதவில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஸ்டோர்ஸில் கண் அசரக் கூடாது. தூக்கம் வந்தால்தான் படுக்கைக்குப் போக வேண்டும். வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்காரலாம். மோட்டார் பக்கம் போகக் கூடாது. சாவி வீட்டிலேயே இருக்கக் கூடாது. கடைசி இரண்டும்தான் மருந்து, மற்றதெல்லாம் பத்தியம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது ஆட்டோ திருமுல்லைவாயில் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டியதும் கங்காதரன் ஆரம்பித்தார்.

"அவுனுங்களுக்கு சத்தம் தெரியாதுமே."

"தெரிஞ்சிக்கட்டும்."

"காயிலு மறுபடி எரிஞ்சா?"

"எரியட்டும். நீ எரியாம இரு."

மற்ற எல்லாவற்றையும் அவர் செய்தார். ஸ்டோர்ஸில் தூக்கம் வந்தால் எழுந்து நின்றார். பகலில் டீயை விட்டார். சாவியையும் மோட்டாரையும் மட்டும் விடவில்லை. சாவியைத் தலையணைக்குக் கீழிருந்து அலமாரிக்கு மாற்றினார். அலமாரியிலிருந்து அரிசிப் பானைக்கு மாற்றினார். மங்களம் எங்கே பார்த்தாலும் அது அங்கே இருந்தது. தூக்கம் வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். ஆனால் தான் தூங்கினால் எதுவும் நின்றுபோகாது என்று தெரிந்துகொள்ள அவர் தயாராக இல்லை. மனிதர்கள் தங்கள் கஷ்டத்தைவிடத் தங்கள் முக்கியத்துவத்தை விடுவதற்குத்தான் அதிகம் தயங்குகிறார்கள்.

சுதந்திர தினம் வந்தது. கார்களை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெகதீஷ் ஒலிபெருக்கியில் பேசினார். நாம் நிம்மதியாக உறங்கும்போது நமக்காக ஒருவர் விழித்திருக்கிறார் என்றார். எல்லையில் வீரர்கள், குடியிருப்பில் கங்காதரன் என்றார். கைதட்டல் கேட்டது. நாற்காலியில் இருந்த கங்காதரனின் தலை சற்று முன்னால் தொங்கியது. நெகிழ்ச்சி என்று எல்லோரும் நினைத்தார்கள். மங்களம் முழங்கையால் இடித்த பிறகு அவர் நிமிர்ந்தார்.

பொன்னாடையை நிவேதிதா போர்த்தினார். அரக்கு நிறம், ஜரிகைக் கரை. அன்று மழைச் சாரல் இருந்தது. போர்வை தோளில் விழுந்ததும் கங்காதரனுக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. அப்படியே அதை இழுத்துக் கழுத்துவரை சுற்றிக்கொண்டார்.

"நாலு வார்த்தை பேசுங்ணா" என்று ஜெகதீஷ் மைக்கை நீட்டினார்.

கங்காதரன் கூட்டத்தைப் பார்த்தார். குளித்துத் தலைவாரிப் பளிச்சென்று உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் அவரைப் பார்த்துச் சிரித்தன. எல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த முகங்கள். முன்வரிசையில் மங்களத்தின் முகம் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கண்ணுக்குக் கீழேயும் கறுப்பு விழுந்திருந்ததை அப்போதுதான் கங்காதரன் கவனித்தார்.

"ரொம்ப சந்தோசம்" என்றார் மைக்கில். "நல்ல சால்வ. வெல ஜாஸ்தின்னு நெனைக்கிறேன். நல்லா கதகதப்பா கீது."

கைதட்டினார்கள்.

"இத்தப் போத்திகினு தூங்கணும்னு தோணுது."

சிரித்தார்கள்.

கங்காதரன் வேட்டி மடிப்பில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். அரிசி மாவு ஒட்டியிருந்தது. பொன்னாடையில் துடைத்துவிட்டு, மிட்டாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தூங்கப் போறேன்" என்றார். "எனுக்கு பைத்தியம்லாம் ஒண்ணும் இல்ல. டாக்டரம்மா சொல்ட்டாங்க. பொட்டி வாங்கி மாட்டிக்கங்கப்பா. காத்து இஸ்க்கசொல்ல அதுவே நின்னுக்குமாம். எனுக்குத்தான் அப்டி ஒரு பொட்டி இல்ல."

மைக்கை ஜெகதீஷின் கையில் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குள் போனார். இம்முறை யாரும் கைதட்டவில்லை. மங்களம் மட்டும் எழுந்து மிட்டாய்த் தட்டிலிருந்து கை கொள்ளுமட்டும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

உடனே தூங்கிவிட்டார் என்று சொன்னால் பொய். சில நாட்கள் கூடத்தில் உட்கார்ந்து, யாரோ ஓட்டிய மோட்டாரின் சத்தத்தை வாய் முணுமுணுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை பொறுக்க முடியாமல் கதவுவரை போனார். மங்களம் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருந்தார். சுதந்திர தினத்துக்குப் பிறகு சங்கத்தில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தானியங்கிப் பெட்டியை வாங்கிவிட்டார்கள். அது வந்து, சத்தம் ஒரே சீராக ஆன பிறகு, கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. மாத்திரை தந்ததுபோல் கல்லாக இல்லை. நடுவில் ஒரு முறை விழிப்பு வரும், புரண்டு படுப்பார், போய்விடும். எல்லோரும் தூங்குகிற சாதாரணத் தூக்கம்தான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மின்னழுத்தம் எகிறி அந்தப் பெட்டி செத்துப்போனது. காலையில் நிவேதிதா தலையில் நுரையோடு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். ஜெகதீஷ் பின்னாலேயே வந்தார். மங்களம் கதவைப் பாதி திறந்தார்.

"அங்கிள் இருக்காவளா?"

"தூங்கறாரு."

"கொஞ்சம் எழுப்ப முடியுங்ளா? சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறுன்னு அண்ணா சொல்லிருவாருங்."

"ஞாயித்துக்கெழமன்னாலும் ஏழு மணிக்குத்தான் எய்ந்துப்பாரு, டாக்டரம்மா சொன்ன டைம். அதுக்கு இன்னும் கொஞ்சம் கீது. வேணும்னா உக்காருங்க."

இருவரும் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலும், அதன்மேல் ஜரிகைக் கரை வைத்த அரக்குப் போர்வையும், அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களும் தெரிந்தன. குறட்டை ஏறியது, நின்றது, ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்தது, மறுபடி எடுத்தது.

நிவேதிதாவின் நெற்றியில் நுரை வழிந்தது. அவர் அதைச் சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டார்.